எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்களா?

கேள்வி: "நின்றசீர் நெடுமாறன் பற்றிய ஒரு கலைக்களஞ்சியக் குறிப்பில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாக ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். இது நடந்த வரலாறா, புராணமா? புராணம் என்றால் ஆண்டுக் கணக்கோடு எப்படி வந்தது? மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சாமநத்தம்தான் அந்த இடம், 'சமணர் ரத்தம்' என்பதே அப்படி மருவியது என்கிறார்களே, அதுவும் சரியா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றியதற்கு 7ஆம் நூற்றாண்டுச் சான்று எதுவும் கிடையாது. அதற்காக, அந்தக் காலத்தில் சைவரும் சமணரும் அண்ணன் தம்பியாகப் பழகினார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

நீங்கள் படித்த அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு காலம் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது, ஒரு எண்ணிக்கை இருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. கலைக்களஞ்சியம் அவற்றை ஒட்டிவைத்திருக்கிறது, தையல் தெரியாமல்.

மரபுக் கதை இதுதான்: சமணம் சார்ந்திருந்த பாண்டியன் நெடுமாறனைச் சைவனாக்க, அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையும் சம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். அவர் மன்னனின் நோயைத் தீர்க்கிறார், ஏடுகளைத் தீயிலும் வைகையிலும் இட்டு நடந்த வாதங்களில் வெல்கிறார், தோற்ற சமணர் கழு என்னும் கூர்மரத்தில் ஏற்றப்படுகிறார்கள். சம்பந்தரிடமிருந்தே தொடங்குவோம். மதுரையில் நடந்ததைப் பற்றி அவரைவிட நெருக்கமான சாட்சி நமக்கு இல்லை. அவர் வாய்மூடி இருந்தவரும் அல்ல. பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் திட்டாமல் விட்டதில்லை. மதுரைப் பயணம் பற்றி அவர் பாடல்களுக்குள்ளேயே என்னென்ன கிடைக்கிறது? "மானினேர் விழி மாதராய்" என்று பாண்டிமாதேவியை அழைத்துப் பாடும் பதிகத்தில், இவன் ஒரு பாலன் என்று நீ வருந்தாதே, ஆனைமாமலை முதலான இடங்களில் இருக்கும் இவர்களுக்கு நான் எளியவன் அல்லேன் என்கிறார். அதே பதிகத்தில் எதிராளிகளின் பெயர்கள்கூட வருகின்றன: சந்துசேனன், இந்துசேனன், தருமசேனன், கந்துசேனன், கனகசேனன். இந்த 'சேன' என்ற பின்னொட்டு சமண முனிவர்களிடம் உண்மையாகவே வழங்கியதுதான். மதுரை மலைகளில் இருக்கும் பிற்காலக் கல்வெட்டுகளிலும் குணசேனதேவர் என்ற பெயர் வருகிறது. ஆக, சம்பந்தர் யாரோ கற்பனை எதிரியோடு மல்லுக்கட்டவில்லை.

தம் மடத்துக்குத் தீ வைத்ததைச் சொல்கிறார்: "பொய்யராம் அமணர் கொளுவும் சுடர் பையவே சென்று பாண்டியற்காகவே." மன்னனின் நோய் தீர்ந்ததைத் திருநீற்றுப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் சொல்கிறார்: "தென்னன் உடலுற்ற தீப்பிணி ஆயின தீர." வைகையில் ஏடு போய்ச் சேர்ந்ததைத் திருவேடகத்தில் சொல்கிறார்: "வைகைநீர் ஏடு சென்று அணைதரும் ஏடகத்து ஒருவனை." மங்கையர்க்கரசியையும் குலச்சிறையையும் ஒரு பதிகம் முழுக்க மாறி மாறிப் புகழ்கிறார். சமணரை என்ன செய்ய வேண்டும் என்று இறைவனிடம் கேட்கும்போது அவர் சொல், "வாதில் வென்று அழிக்கத் திருவுள்ளமே." வாதில்.

தீ இருக்கிறது, நோய் இருக்கிறது, ஏடு இருக்கிறது, அமைச்சர் இருக்கிறார், அரசி இருக்கிறார். கழு மட்டும் இல்லை. வெற்றியைச் சொல்லிக்காட்டத் தயங்காத ஒருவர், இத்தனை பெரிய முடிவை மட்டும் சொல்லாமல் விட்டார் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

அடுத்தவர் சுந்தரர், 8ஆம் நூற்றாண்டு. திருத்தொண்டத்தொகையில் மூவரும் வருகிறார்கள். சம்பந்தர், கொன்றையான் அடியன்றி வேறெதையும் பேணாதவர். குலச்சிறை, "பெருநம்பி", அவ்வளவுதான். நெடுமாறனுக்கு அவர் தரும் அடையாளம் "நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்." ஒரு போர் வெற்றி. சைவ அடியார் வரிசையில் வைத்துப் பாடும்போதும் கழுவை அவர் எடுக்கவில்லை.

இந்த நெல்வேலிதான் உங்கள் கலைக்களஞ்சிய வரியில் இருக்கும் காலத்துக்கு ஊற்று. கி.பி. 770ஐ ஒட்டிப் பராந்தக நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு, தன் முன்னோரில் அரிகேசரி மாறவர்மன் என்ற அரசன் நெல்வேலியில் வென்றதாகச் சொல்கிறது. சுந்தரர் சொன்ன நெல்வேலியும் இதுவும் ஒன்று, ஆகவே நெடுமாறன் என்பவன் 7ஆம் நூற்றாண்டு அரிகேசரி என்று ஆய்வாளர்கள் முடிச்சுப் போட்டார்கள். நல்ல முடிச்சு, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. ஆனால் கவனியுங்கள்: அந்தச் செப்பேடு அரிகேசரியின் போர்களையும் இரணியகர்ப்பம், துலாபாரம் போன்ற தானங்களையும் அடுக்குகிறது. சமணர் பற்றி ஒரு சொல் இல்லை. அதாவது, ஆளுக்குக் காலம் கொடுத்த ஆவணம் அந்தச் செயலுக்குச் சாட்சி சொல்லவில்லை. கலைக்களஞ்சியத்தில் 'கி.பி. 7ஆம் நூற்றாண்டு' என்று பார்த்ததும் நமக்கு முழு வரியும் செப்பேட்டில் இருப்பதுபோல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

கழு எப்போது வருகிறது? நம்பியாண்டார் நம்பியிடம். திருமுறை தொகுத்தவராகச் சொல்லப்படுபவர், 10–11ஆம் நூற்றாண்டு. திருத்தொண்டர் திருவந்தாதியில் குலச்சிறைக்கு அவர் எழுதிய பாட்டு இப்படித் தொடங்குகிறது: "அருந்தமிழ் ஆகரன் வாதில் அமணைக் கழுநுதிமேல் இருந்தமிழ் நாட்டிடை ஏற்றுவித்தோன்." சுந்தரர் வெறுமனே 'பெருநம்பி' என்று விட்ட இடத்தில், நம்பி ஒரு வாழ்க்கைக் குறிப்பையே வைத்துவிட்டார். நிகழ்ச்சிக்கும் இந்தப் பாட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு இடைவெளி.

பிறகு 12ஆம் நூற்றாண்டு. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரிய புராணம் பாடுகிறார். அங்கே கதை நாடகமாகவே விரிகிறது. ஏட்டைத் தீயிலிடும் அனல்வாதத்தில் தோற்ற சமணர், ஏட்டை ஆற்றில் விடும் புனல்வாதத்துக்கு முன் பொறாமையில் வாய்தவறித் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்: இதிலும் தோற்றால் "வெங்கழு ஏற்றுவான் இவ்வேந்தனே." தண்டனையை விதித்தது சம்பந்தர் அல்ல, மன்னன்கூட அல்ல, தோற்றவர்களே கேட்டு வாங்கிக்கொண்டது என்று ஆகிறது. சம்பந்தர் பகைமை இல்லாதவர்தான், ஆனாலும் திருமடத்துக்குத் தீங்கு செய்தவர்கள் என்பதால் விலக்காமல் இருந்துவிட்டார் என்று சேக்கிழார் ஒரு விளக்கமும் தருகிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, சேக்கிழாருக்கே இது தொண்டையில் சிக்கியிருக்கிறது. மரபாக வந்துவிட்ட செய்தி, விட முடியவில்லை, ஆனால் குழந்தை ஞானசம்பந்தர் கைமேல் ரத்தம் படக்கூடாது. அதனால்தான் இத்தனை சுற்றிவளைப்பு. அதே நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் தக்கயாகப் பரணியிலும் இந்தக் கதை வருகிறது. சோழர் அவையில் எல்லோருக்கும் தெரிந்த கதையாக அப்போதே ஆகிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. அதன்பின் திருவிளையாடற் புராணங்கள், கோயில் ஓவியங்கள், திருவிழா நிகழ்ச்சிகள் என்று அது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

எண்ணிக்கைக்கு வருவோம். சேக்கிழார் வரி: "எண்பெருங் குன்றத்து எண்ணாயிரவரும் ஏறினார்கள்." எட்டுக் குன்றம், எண்ணாயிரம் பேர். கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள், குன்றுக்கு ஆயிரம். இந்த எண்பெருங்குன்றம் என்பது சமணருடைய சொந்த வழக்கு. "பரங்குன்று ஒருவகம் பப்பாரம் பள்ளி" என்று தொடங்கி எட்டையும் பட்டியலிடும் ஒரு பழைய வெண்பாவும் உண்டு. அந்த எட்டு வெற்பையும் சொல்ல வல்லவர்களைப் பிறவித் தீங்கு சென்று எட்டுமோ என்று அது முடியும். பரங்குன்றம், ஆனைமலை, இருங்குன்றமாகிய அழகர்மலை ஆகியவை அதில் அடக்கம்.

ஆயிரக்கணக்கில் பெயர் வைப்பது அந்தக் காலத்தில் குழுவைக் குறிக்கும் முறையும்கூட. சிதம்பரத்துத் தீட்சிதர்களைத் தில்லை மூவாயிரவர் என்றால் யாரும் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரோடு தொடர்புடைய பிராமணப் பிரிவினருக்கு அஷ்டசகஸ்ரம் என்று பெயர். ஆகவே 'எண்ணாயிரவர்' என்பது மதுரைச் சுற்றுமலைச் சமணச் சங்கத்தின் பெயராக இருந்திருக்கலாம் என்ற கருத்தை நான் ஏற்கிறேன். பெயரை எண்ணாகப் படித்ததில் வந்த வினை.

இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. நாலடியார் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த சமண முனிவர்கள் ஊர் திரும்ப விரும்புகிறார்கள், மன்னன் விடவில்லை. ஓர் இரவில் ஆளுக்கொரு வெண்பா எழுதித் தம் இருக்கையின்கீழ் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சினந்த மன்னன் ஏடுகளை வைகையில் எறியச் சொல்கிறான். நானூறு ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்து கரை சேர்கின்றன. எத்தனை முனிவர்கள்? எண்ணாயிரவர்.

அதே மதுரை, அதே பாண்டியன், அதே வைகை, எதிர்நீச்சல் போடும் அதே ஏடு, அதே எண்ணாயிரம். ஒரு கதையில் சமணரின் ஏடு எதிரேறுகிறது. மற்றதில் சமணரின் ஏடு அடித்துக்கொண்டு போகிறது, சம்பந்தரின் ஏடு எதிரேறுகிறது. எது முந்தியது என்று அறுதியிட முடியாது, ஆனால் இரண்டும் ஒரே மாவில் சுட்ட தோசைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கதையின் பொருள்களாக இப்படிக் கைமாறும் ஓர் எண்ணை மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

வாதில் தோற்றவருக்குக் கொடுந்தண்டனை என்பதும் ஒரு பொதுக் கதைவடிவம். சைவர்கள் மட்டும் சொன்னதல்ல. சமண ஆசாரியர் அகளங்கர் காஞ்சியில் பௌத்தரை வாதில் வென்ற கதையைச் சமணர்கள் சொல்கிறார்கள். அதில் தோற்ற பௌத்தரைச் செக்கிலிட்டு ஆட்டுவது என்று பேச்சு. பிறகு மன்னன் மனமிரங்கி நாடு கடத்துகிறான். கன்னட நாட்டில் வீரசைவ ஏகாந்தட ராமய்யா, தன் தலையையே அறுத்து மீண்டும் ஒட்டிக்கொண்டு சமணரை வென்றதாக அப்பலூர்க் கல்வெட்டே சொல்கிறது. ஒவ்வொரு சமயமும் தன் வெற்றியை இந்த அச்சில்தான் வார்த்தது.

சரி, ஏட்டை விட்டுக் கல்லுக்கு வருவோம். மதுரை மீனாட்சி கோயிலிலிருந்து மேற்கே ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும். கொஞ்சம் படி ஏறினால் செட்டிப்புடவு என்ற குகை. வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் ஆள் உயரத்துக்கு மேல் உட்கார்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர், ஊர்க்காரர்களுக்கு அவர் 'செட்டியார்'. சிலையின் காலடியில் வட்டெழுத்து. குகைக்குள் குனிந்து போய் மேலே பார்த்தால், சிங்கத்தின்மேல் ஏறி வில்லை வளைக்கும் ஒரு இயக்கி (சமணரின் காவல் பெண்தெய்வம்), எதிரே யானைமேல் ஒருவன். இன்னும் மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிலைகள். அவற்றில் ஒன்றை அச்சணந்தி என்ற முனிவரின் தாய் குணமதியார் செய்வித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது.

இதெல்லாம் எந்தக் காலம்? 9, 10ஆம் நூற்றாண்டு. சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு! அவர் பெயர் சொல்லித் திட்டிய அதே ஆனைமலையிலும் அச்சணந்தி பெயரோடு சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. சித்தன்னவாசலில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சமணக் குடைவரையைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் பெயர் "மதுரை ஆசிரியன் இளங்கௌதமன்." மதுரை ஆசிரியன்! பழனிக்கு அருகே ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், பாண்டியன் இரண்டாம் வரகுணன் ஆட்சியில் பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்திருக்கிறார்கள். அந்த வரகுணனும் சிவபக்தன் என்று பெயர் வாங்கியவன்தான். கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட சமணக் கல்வெட்டுகள். சோழர் ஆட்சிப் பகுதிக்குப் போனால் இளவரசி குந்தவை பெயரில் திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையில் ஒரு ஜினாலயமே, அதாவது சமணக் கோயிலே, இருக்கிறது. சீவக சிந்தாமணி, யாப்பருங்கலம், நன்னூல் எல்லாம் கழுவேற்றத்துக்குப் 'பின்' எழுதிய சமணர்களின் கொடை. ஒரே நாளில் எண்ணாயிரம் துறவிகளை இழந்த சமயம் அதே அரச குலத்தின் ஆட்சியில் அதே மலைகளில் இப்படித் தழைக்குமா?

இனி எதிர்த்தரப்பு. என் பக்கத்துக்கே சாதகமாகப் பேசிவிட்டுப் போவது நியாயமில்லை.

மதுரை மலைகளில் பழைய தமிழ்ப் பிராமி எழுத்துகளுக்கும் இந்த 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகளுக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி இருப்பது உண்மை. அச்சணந்தி ஒரு மறுமலர்ச்சியைத் தொடங்கினார், அப்படியானால் அதற்கு முன் ஒரு அடி விழுந்திருக்க வேண்டும் என்று வாதிடலாம். அது பொருளற்ற வாதம் அல்ல. ஆனால் அந்த இடைவெளி சம்பந்தருக்குப் பல நூற்றாண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அவர் காலத்திலோ சமணர் மதுரையில் செழிப்பாக இருந்தார்கள். கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும் தெற்கே மலைக்கூட நாட்டில், அதாவது பாண்டிய நாட்டுப் பக்கம், நிர்க்கந்தர் எனப்படும் சமணர் நிறைய இருப்பதாகக் கேட்டு எழுதியிருக்கிறார். எனவே இடைவெளியைக் கழுவோடு முடிச்சுப் போட முடியாது.

சமண நூல்கள் இப்படியொரு கொலையைப் பேசவே இல்லை என்பதைப் பெரிய ஆதாரமாகச் சிலர் வைக்கிறார்கள். நான் அதில் பாதி எடையைத்தான் ஏற்றுவேன். மதுரைச் சமணரின் வரலாற்றேடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. வராத ஏட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வது? கல்வெட்டும் தானத்தை எழுதும், துயரத்தை எழுதாது.

எனக்கு உண்மையில் இடிக்கும் சான்று அப்பருடையது. பழையாறை வடதளிப் பதிகத்தில் "ஆயிரஞ் சமணும் அழிவாக்கினான்" என்று பாடுகிறார். அங்கே அழித்தவன் இறைவன், செய்தது யார் கை என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் பாடியவர் சம்பந்தர் காலத்தவர், முன்பு சமணராகவே இருந்தவர். பழையாறையில் ஏதோ ஒரு வன்முறை நடந்து, அதை ஒரு வெற்றியாகச் சைவர் கொண்டாடினார்கள் என்பதை இந்த வரி வைத்து மறுப்பது கடினம். வைணவப் பக்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார், சமணரும் சாக்கியரும் பொறுக்க முடியாதபடி பேசினால் தலையை ஆங்கே "அறுப்பதே கருமம் கண்டாய்" என்கிறார். பக்தி இலக்கியத்தில் இந்தச் சூடு இருந்தது. சூடு இருந்த இடத்தில் எங்கோ எரிந்தும் இருக்கும்.

கழு என்ற தண்டனையும் கற்பனை அல்ல. தென்மாவட்டத்து ஊர்க் கோயில்களில் இன்றும் கழுமரம் நட்டு வணங்குகிறார்கள். அங்கே கழுவேறியவர்கள் பெரும்பாலும் களவு, காவல், காதல் சம்பந்தப்பட்ட கதைமாந்தர். இப்போது சிலர் கழுமரம் கண்ட இடமெல்லாம் சமணரைத் தேடுகிறார்கள். அது வேண்டாத வேலை.

ஆக என் முடிவு இவ்வளவுதான்: சமணப் பற்றுள்ள ஒரு பாண்டியன் சைவனானான், அரசியும் அமைச்சரும் அதற்குப் பின்னணி, வாதம் நடந்தது, சமணப் பள்ளிகள் அரச ஆதரவை இழந்தன, மடத்துக்குத் தீ வைக்கும் அளவுக்குக் கைகலப்பும் இருந்தது. சிலர் உயிரிழந்திருக்கலாம். கூட்டக் கழுவேற்றம் பிற்கால மரபு. வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் இதை விரும்பத்தகாத ஒரு கட்டுக்கதை என்றே ஒதுக்கினார். அவர் எழுதிய எல்லாவற்றோடும் ஒத்துப்போக மாட்டேன், இதில் ஒத்துப்போகிறேன்.

கலைக்களஞ்சியத்தில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு: நம் பழைய பெருந்தொகுப்புகள் எழுந்த முறையே காரணம். யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வந்தது, சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல். தனி மனித உழைப்பில் எழுந்த மலைகள் அவை, இன்றும் என் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. ஆனால் அவற்றின் வேலை, நூல்களில் வரும் பெயர்களுக்கு நூல்களில் உள்ள கதையை அகரவரிசையில் தருவது. இந்திரனும் இராசராசனும் ஒரே வரிசையில், ஒரே தொனியில் வருவார்கள். படிப்பவருக்கும் அது தெரியும். செப்பேடுகள் ஒவ்வொன்றாக அச்சேறிய பிறகு வந்தவர்கள், அந்தப் புராணச் சுருக்கத்தின் தலையில் ஒரு நூற்றாண்டுக் கணக்கைச் சேர்த்தார்கள். "பெரிய புராணம் கூறும்" என்ற இரண்டு சொல் இடையில் எங்கோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததும் புராணம் வரலாறாகிவிட்டது. பிறகு இரு தரப்பும் அதே வரியை எடுத்து, ஒருவர் பெருமைக்கும் ஒருவர் வசைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாகச் சாமநத்தம். 'சமணர் ரத்தம்' மருவிச் சாமநத்தம் ஆனது என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது, மொழிக்கு ஒத்துவரவில்லை. நத்தம் என்பது தமிழ்நாடு முழுக்க ஊர்ப்பெயர்களில் வரும் சாதாரணச் சொல். உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்டாலே சொல்வார், கிராம நத்தம் என்றால் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம். முன்பாதி 'சமண' என்பதன் திரிபுதான் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பெயர் சொல்வது சமணர் செத்த இடம் என்று அல்ல, அவர்கள் குடியிருந்த இடம் என்று.